ஒரு தலை, ஒரு வால், கோடி ரூபாய்ப் பொய்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்து ஓய்ந்ததும், நாவலூரில் பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து ஏரிப் பக்கமாகப் பிரியும் தெருக்களில் பாம்புகள் வெளியே வரும். வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்படி வருவனவற்றில் ஒன்று மட்டும் ஓடி ஒளியத் தெரியாததாக, காலி மனை ஓரத்து எம்-சாண்ட் குவியலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்திலோ தடித்துக் குட்டையாகக் கிடக்கும். செங்கல் நிறம், வழவழப்பான மேனி. காவலாளியின் டார்ச் வெளிச்சம் பட்டதும் உடலைச் சுருட்டித் தலையை அடியில் புதைத்துக்கொள்ளும். முனை மழுங்கிய வாலை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்டும்.

கூட்டம் கூடிவிடும். 'ரெண்டு தலைப் பாம்பு' என்பார் ஒருவர். 'கோடி ரூபா போகும், மூட்டையில போடு' என்பார் இன்னொருவர். 'விரியன் குட்டி, அடிச்சுப் போடு' என்று மூன்றாவது குரல் எழும். மூன்றும் தவறு. மூன்றில் எதை நம்பினாலும் அந்தப் பாம்பு பிழைப்பது அரிது. கடைசித் தவறு தலைகீழாக நேர்ந்தால், அதாவது விரியனை இந்தப் பாம்பென்று எண்ணிக் கையில் எடுத்தால், சாவது மனிதர்.

அதன் பெயர் மண்ணுளிப் பாம்பு. தென் சென்னைப் புறநகரில் இரண்டு வகை உண்டு. செந்நிறத்தில் வாலும் தலையும் ஒன்றுபோல் இருப்பது இருதலை மணியன். அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு விழுந்த உடலோடு சொரசொரப்பாக இருப்பது எரிக்ஸ் கோனிகஸ். வசதிக்காக அதைத் திட்டு மண்ணுளி என்று அழைக்கலாம். இரண்டுக்கும் நஞ்சு கிடையாது.

மண்ணுக்குள் வாழப் படைத்த உடல்

இருதலை மணியனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, அதற்குக் கழுத்தே இல்லை என்பது. தலை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மூக்கு நுனியில் உள்ள செதில் அகலமாகி, கிடையாக ஒரு விளிம்போடு கலப்பைக் கொழுபோல் முன்துருத்தி நிற்கும். பாம்பு மண்ணைப் பிளந்து இறங்குவது அந்த விளிம்பால்தான். கண்கள் மிகச் சிறியவை. கண்மணி செங்குத்தான கீற்று. நாசித்துளையும் மணல் புகாதபடி ஒடுங்கியது. உடலின் நடுப்பகுதியைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிசைகளில் பொடிச் செதில்கள். வாலுக்கு அடியில் இருக்கும் செதில்களோ ஏறத்தாழ இருபதுதான். அவ்வளவு குட்டை வால். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

குட்டியாக இருக்கும்போது நிறம் வேறு. ஆரஞ்சு கலந்த செம்மேனியில், வால் பக்கம் கறுப்பு வளையங்கள் தெளிவாக இருக்கும். வளர வளர அவை மங்கி, உடல் முழுவதும் ஒரே பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறிவிடும். ஆசனத் துளையின் இருபுறமும் சிறு நகம்போல் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். பாம்பின் மூதாதைக்குக் கால் இருந்ததன் மிச்சம் அது. ஆணுக்குப் பெரிதாகவும் பெண்ணுக்குச் சிறிதாகவும் இருக்கும்.

வெளிக்காது இல்லாத இந்தப் பிராணி மண் வழியாகக் கேட்கிறது. கீழ்த்தாடை மண்ணில் படிந்திருக்க, எலியின் காலடி அதிர்வு தாடை எலும்பின் வழியே உட்காதுக்குச் சேர்கிறது. அந்தி சாய்ந்த பிறகு மணலுக்கு அடியில் தலை நுனி மட்டும் வெளியே தெரியக் காத்துக்கிடக்கும். இரை எட்டும் தூரத்தில் வந்ததும் பக்கவாட்டில் பாய்ந்து கவ்வி, அடுத்த கணம் உடலால் சுற்றி இறுக்கும். பகலெல்லாம் அசையாமல் கிடக்கும் ஒன்றிடம் அந்த வேகத்தை எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இறுக்கும் பாம்புகள் இரையை மூச்சுத்திணற வைத்துக் கொல்கின்றன என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். போவாப் பாம்புகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வு, அதற்கும் முன்பாகவே இரையின் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது என்று காட்டியது.

எலி, சுண்டெலி, வெள்ளெலி ஆகியவையே முக்கிய இரை. பல்லி, ஓணான், வேறு பாம்புகளும் சிக்கும். எலி வளைக்குள் நுழையும் பருமனும், அங்கேயே தங்கிவிடும் பழக்கமும் இதற்கு உண்டு. களஞ்சியத்தில் தானியத்தைக் காப்பதும், எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலைக் குறைப்பதும் இப்படிப்பட்ட பாம்புகள் கேட்காமல் செய்யும் வேலை.

வாலைக் கொடுத்துத் தலையைக் காப்பது

மழுங்கிய வால் வெறும் உருவ ஒற்றுமை அன்று. கழுகோ கீரியோ தாக்க வந்தால், மணியன் தலையை உடலுக்கடியில் ஒளித்து வாலை உயர்த்தி ஆட்டும். எதிரி தலையென்று நினைத்து வாலைக் கொத்தும். வாலில் காயம் ஆறும். தலையில் பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். வயதான பாம்புகள் பலவற்றின் வாலில் பழைய வடுக்கள் இருப்பது இதனால்தான். பாம்பாட்டிகள் சிலர் அதே வாலில் கண்ணும் வாயும் போலக் கீறல் போட்டு, இரண்டு தலை என்று காட்டிக் காசு பார்த்த வழக்கமும் உண்டு. ஆறு மாதம் ஒரு தலை வழிநடத்தும், ஆறு மாதம் மறு தலை வழிநடத்தும் என்ற ஊர்ப்பேச்சு அந்தக் கீறலோடு சேர்ந்தே வளர்ந்தது.

கழுகையும் கீரியையும் ஏமாற்றிய இந்தத் தந்திரம் மனிதனிடம் எதிர்விளைவைத் தருகிறது. கடிக்காமல், ஓடாமல், வாலைத் தூக்கிக் காட்டிக் கிடக்கும் பாம்பைக் கோணிப்பையில் போடுவது எவருக்கும் எளிது. இன்று அதன் அழிவுக்கு வழிவகுப்பது அந்தச் சாதுத்தனமே.

முட்டையா, குட்டியா?

தமிழ்நாட்டு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும். மண்ணுளி அப்படி இல்லை. தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரிந்து குட்டிகள் உயிரோடு வெளியே வரும். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் பத்துக்குள்தான். கருவைச் சுமக்கும் காலம் மாதக்கணக்கில் நீளும். அந்த மாதங்களில் பெண் பாம்பு தடித்து மந்தமாகி, எளிதில் கண்ணில் படும். ஒரே ஈற்றில் பல பத்துக் குட்டிகள் போடும் கண்ணாடி விரியனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிக்கனமான இனப்பெருக்கம். பிடித்து ஒழித்த இடத்தில் மறுபடி பெருக ஆண்டுகள் பிடிக்கும்.

குட்டி போடுவது மண்ணுளிகளின் பொது வழக்கம் என்றாலும் விலக்கு உண்டு. அரேபிய மணலில் வாழும் எரிக்ஸ் ஜெயகரி முட்டையிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மஸ்கட்டில் மருத்துவராகப் பணியாற்றி, அங்குள்ள உயிரினங்களைச் சேகரித்த இந்தியர் ஆத்மாராம் ஜெயகரின் பெயர் அதற்கு இடப்பட்டது. குட்டி போடும் மூதாதையிலிருந்து வந்த ஒரு பாம்பு மீண்டும் முட்டைக்குத் திரும்பியிருக்கிறதா என்ற கேள்வியை இது எழுப்பியது. பரிணாமத்தில் ஒருமுறை இழந்த சிக்கலான உறுப்போ இயல்போ திரும்ப வராது என்பது டோலோ விதி. 2010-ல் வின்சென்ட் லிஞ்ச், குந்தர் வாக்னர் இருவரும் பரிணாம மரத்தை வைத்துக் கணக்கிட்டு, ஜெயகரி அந்த விதியை மீறியிருக்கிறது என்று வாதிட்டனர். முட்டையைக் கிழித்து வெளிவரப் பிற பாம்புக் குஞ்சுகளுக்கு இருக்கும் முட்டைப்பல் ஜெயகரிக் குஞ்சுக்கு இல்லை என்பது அவர்களுக்கு வலுவான சான்று. போன பழக்கம் திரும்பியது, போன பல் திரும்பவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த பெயர்

இருதலை மணியனை உலக அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய ஊர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. டேனியர்களின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு 1771-ல் வந்து சேர்ந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய மிஷனரி. 1813-ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். போதனையோடு மீன், சிப்பி, பாம்பு என்று கடற்கரையில் கிடைத்ததையெல்லாம் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியும் வந்தார். கோவளத்து மீன் ஏலத்தில் வரும் கத்தாளைகளில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர் இருப்பது அவர் நினைவாகத்தான். அவ்வாறே 1801-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், தரங்கம்பாடிப் பாம்புக்கு போவா ஜானி என்று பெயரிட்டார். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் பெரிய படநூல் வெளியிட்டவர் இவர். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பது இவருடைய பெயரே. மக்கள் குழப்பிக்கொள்ளும் இரு பாம்புக் கூட்டங்களின் வரலாறும் இப்படி ஒரே மனிதரிடம் சந்திக்கிறது.

அதே 1801-ல் ஜெர்மனியில் யோஹான் காட்லோப் ஷ்னைடர் திட்டு மண்ணுளிக்குப் பெயர் வைத்தார். 1803-ல் ஃபிரான்ஸுவா தோதாங் என்ற பிரெஞ்சுக்காரர் எரிக்ஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். அதன் பிறகு திட்டு மண்ணுளி காங்கிலோஃபிஸ் என்ற தனிப் பேரினத்துக்குப் போவதும் எரிக்ஸுக்குத் திரும்புவதுமாக இருநூறு ஆண்டு அலைந்தது. இப்போது பெரும்பாலோர் அதை எரிக்ஸிலேயே வைக்கிறார்கள்.

குடும்பம் எது என்பது இதைவிடப் பெரிய வழக்கு. தென்னமெரிக்க அனகோண்டா, போவா கன்ஸ்ட்ரிக்டர் ஆகியவற்றோடு சேர்த்து, போய்டே குடும்பத்தின் துணைக்குடும்பமாக மண்ணுளிகளை வெகுகாலம் வைத்திருந்தார்கள். வட அமெரிக்காவின் ரப்பர் போவா, மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாரியா ஆகியவையும் அதே துணைக்குடும்பத்தில் இருந்தன. காரணம் வெளிப்படை: அவையும் மண்ணுக்குள் வாழ்பவை, அவற்றின் வாலும் மழுங்கியது, அவையும் வாலைக் காட்டித் தலையைக் காப்பவை. மரபணுவை ஒப்பிட்டபோது அந்த ஒற்றுமை உறவினால் வந்ததில்லை என்று தெரிந்தது. ஒரே வகை வாழ்க்கை, தொடர்பில்லாத மூன்று கிளைகளில் ஒரே வகை உடலை வடித்திருக்கிறது. 2014-ல் பைரன், ரெனால்ட்ஸ், பர்பிரிங்க் ஆகிய மூவரும் போவாக்களின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதி, எரிக்ஸை எரிசிடே என்ற தனிக் குடும்பமாக உயர்த்தினார்கள். பழைய முறையைப் பின்பற்றும் நூல்களும் உண்டு. பெயர் வேறானாலும், இவை தனிக் கிளை என்பதில் இன்று கருத்து வேறுபாடு குறைவு. உருவத்தை மட்டும் பார்த்து உறவு சொல்வதன் ஆபத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் உயிரியலில் அதிகம் இல்லை.

> பெட்டிச் செய்தி: எரிக்ஸ் எங்கெல்லாம்?
>
> எரிக்ஸ் பேரினத்தில் இன்று ஏறத்தாழ 13 இனங்கள். தென்கிழக்கு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா, ஈரான், மத்திய ஆசியப் பாலைநிலங்கள் என்று பரவி, தெற்கே இந்தியாவில் வந்து முடிகிறது. திட்டு மண்ணுளி மட்டும் கடல் தாண்டி இலங்கையின் வடபகுதி வறண்ட நிலத்திலும் உண்டு.
>
> இந்தியாவில் மூன்று இனங்கள். மூன்றாவது மேற்குக் கடற்கரைக்கு உரியது. 1991-ல் இந்திரனில் தாஸ் அதை விவரித்து, ரோமுலஸ் விட்டேக்கரின் பெயரால் எரிக்ஸ் விட்டேக்கரி என்று அழைத்தார். 1969-ல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கியவர் விட்டேக்கர்; 1972-ல் அது கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் அமைத்தார்.
>
> இவை எவ்வளவு மறைந்து வாழ்பவை என்பதற்கு இத்தாலி சாட்சி. சிசிலித் தீவில் எரிக்ஸ் ஜாகுலஸ் வாழ்கிறது என்பது 2015-ல்தான் அறிவியல் இதழில் உறுதியானது.

விரியனா, மண்ணுளியா?

மனித உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி இது. திட்டு மண்ணுளியின் உடலில் உள்ள பழுப்புத் திட்டுகள், அவசரத்தில் பார்ப்பவருக்குக் கண்ணாடி விரியனாகவும் மலைப்பாம்புக் குட்டியாகவும் தோன்றும். இதனால் தினமும் எங்கோ ஒரு மண்ணுளி அடிபட்டுச் சாகிறது. இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. 'இது விஷமில்லாத மண்ணுளி' என்று சொல்லிக் கண்ணாடி விரியனை வெறுங்கையால் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொழுத்து மந்தமாகக் கிடக்கும் விரியன், கையில் எடுத்த கணத்தில் திரும்பிக் கடிக்கும்.

அந்த நஞ்சு இரத்தம் உறையும் திறனைக் கெடுக்கும், சிறுநீரகத்தைச் சிதைக்கும். மருத்துவமனையில் நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்பது 2020-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அடையாளக் குழப்பத்தைத் தீர்ப்பது இந்தக் கணக்கைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

> பெட்டிச் செய்தி: தள்ளி நின்று பார்க்க வேண்டியவை
>
> கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல் கோத்த முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாக ஓடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பு விளிம்பு இருக்கும். திட்டு மண்ணுளியின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கோணல்மாணலாக ஓடும்.
>
> விரியனின் தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கியது. மண்ணுளிக்குக் கழுத்து தெரியாது. விரியனின் வால் படிப்படியாகச் சிறுத்து முடியும். திட்டு மண்ணுளியின் வால் குட்டையாகச் சட்டென்று கூராகும். அதன் மேல் செதில்கள் கரடுமுரடாக இருக்கும்.
>
> குக்கர் விசில்போல் சீறுவது விரியனின் எச்சரிக்கை. ஆனால் சீறாத விரியனும் உண்டு. சந்தேகம் வந்தால் அது விரியனே என்று எடுத்துக்கொண்டு விலகுவதே சரி.

திட்டு மண்ணுளி மீது இன்னொரு பழியும் உண்டு. அது நக்கினால் குஷ்டம் வரும், வெண்புள்ளி விழும் என்கிறார்கள். குஷ்டம் ஒரு பாக்டீரியாவால் வருவது. வெண்புள்ளி தோலின் நிறமிச் செல்கள் அழிவதால் ஏற்படுவது. திட்டு விழுந்த பாம்பின் மேனியைப் பார்த்துப் பிறந்த அச்சம் அது. குஷ்டத்துக்கு முழுமையான சிகிச்சை உள்ள இந்தக் காலத்திலும், அந்த அச்சத்தால் அடித்துக் கொல்லப்படும் பாம்புகள் ஏராளம்.

கோடி ரூபாய் எங்கே இருக்கிறது?

எச்.வினோத் இயக்கி 2014-ல் வெளியான 'சதுரங்க வேட்டை' படத்தின் முதல் மோசடியே மண்ணுளிப் பாம்புதான். திரையரங்கில் சிரித்தவர்கள் வெளியே வந்தபின்னும் தொழில் நிற்கவில்லை. இருதலை மணியன் வீட்டில் இருந்தால் செல்வம் சேரும், புதையல் காட்டும், புற்றுநோய்க்கும் எய்ட்ஸுக்கும் மருந்தாகும், ஆண்மை பெருகும், உடம்பில் இரிடியம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கதை. எதற்கும் துளியும் ஆதாரம் இல்லை. எலி தின்னும் சாதாரணப் பாம்பின் சதையிலும் எலும்பிலும் உள்ளதுதான் அதன் உடம்பிலும் உள்ளது.

வியாபாரம் எடையில் நடக்கிறது. இரண்டு கிலோவுக்கு ஒரு விலை, மூன்று கிலோவுக்கு வேறு விலை, அதற்கு மேல் போனால் கோடி என்பார்கள். மண்ணுளிகள் பெரும்பாலும் அந்த எடையை எட்டுவதே இல்லை. 'இன்னும் கொஞ்சம் எடை வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே இடைத்தரகர் அடுத்தவரிடம் முன்பணம் வாங்குவார். அவர் அதற்கடுத்தவரிடம் வாங்குவார். சங்கிலியின் கடைசியில் இருப்பதாகச் சொல்லப்படும் வெளிநாட்டு வாங்குபவரை யாரும் பார்த்ததில்லை. கைமாறும் பணம் உண்மை, சிறைவாசம் உண்மை, பாம்பின் மரணம் உண்மை. வாங்க வரும் பணக்காரர் மட்டும் பேச்சு. வனத்துறையினரே வாங்குபவர் வேடத்தில் போய்ப் பலரைப் பிடித்திருக்கிறார்கள்.

டபிள்யூ.சி.எஸ்-இந்தியா அமைப்பு, 2016 முதல் 2021 வரை இந்தியாவில் இருதலை மணியன் பிடிபட்ட செய்திகளைத் தொகுத்தது. 18 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் 172 சம்பவங்கள் கணக்கில் வந்தன. மகாராஷ்டிரம் 59, உத்தரப் பிரதேசம் 33 என்று முன்னின்றன. 2021-ல் மட்டும் யூடியூபில் இந்தப் பாம்பை விற்பனைக்குக் காட்டும் காணொளிகள் சுமார் 200 கண்டறியப்பட்டன. அந்தச் சம்பவங்கள் பிடிபட்டவை மட்டுமே. பிடிபடாதவை எத்தனை என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

எடைக்கு விலை என்ற அந்தக் கணக்குக்குள் ஒரு உயிரியல் விபரீதம் ஒளிந்திருக்கிறது. மண்ணுளிகளில் பெண்ணே ஆணைவிடப் பெரியது. சூல் கொண்டால் இன்னும் கனக்கும். கனமான பாம்பைத் தேடிப் போகிறவர் கையில் சிக்குவது பெரும்பாலும் இனத்தைப் பெருக்கும் பெண்தான். ஈற்றுக்குச் சில குட்டிகள் மட்டுமே போடும் இனத்தில் தாய்களையே பொறுக்கி எடுத்தால் என்ன மிஞ்சும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இருதலை மணியனையும் திட்டு மண்ணுளியையும் அச்சுறுத்தலை நெருங்கியவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

சட்டமும் சாட்சிப் பொருளும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருதலை மணியன் பல்லாண்டு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அட்டவணைகளையே மாற்றி அமைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பாம்பைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது மூன்றுமே குற்றம். சிறைக்கும் போக நேரும். நாடு விட்டு நாடு போகும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் மண்ணுளிகள் இருக்கின்றன. கென்ய மண்ணுளி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்க்கும் பிராணியாகிவிட்டது. அங்கே காணும் படங்களை வைத்து இந்தியப் பாம்பையும் வளர்க்கலாம் என்று எண்ணுவோர் இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிடிபட்ட பாம்பின் கதை கைது நடந்ததோடு முடிவதில்லை. அது வழக்கின் சாட்சிப் பொருள். நீதிமன்ற உத்தரவு வரும்வரை எங்கோ ஒரு பெட்டியில் காத்திருக்க வேண்டும். பல நாள் பட்டினி, கட்டாயமாக ஊட்டப்பட்ட தீனி, கோணிப்பைக்குள் கிடந்த காயம் என்று நலிந்த நிலையில்தான் அது வரும். விடுதலை ஆனபின் எங்கே விடுவது? ராமநாதபுரத்தில் பிடித்த பாம்பு சென்னையில் கைமாறியிருக்கலாம். ஊர் மாற்றி விடப்பட்ட பாம்புகள் தங்கிடமும் இரையும் தேடி அளவுக்கு மீறி அலைகின்றன, விரைவில் சாகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகத்தை வைத்துச் செய்த ஆய்வும் அந்த அலைச்சலைப் பதிவு செய்தது. வாழ்நாளெல்லாம் ஒரு சிறு வட்டாரத்து எலி வளைகளை நம்பி வாழும் மண்ணுளிக்கு இது இன்னும் பெரிய சோதனை.

பாம்பை அறிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் வரும் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் நச்சு முறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சை எடுத்துத் தருகிறது. தோல் வணிகம் தடைப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்களுக்கு அது புது வாழ்வானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அவர்கள் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அச்சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் அறிவு இருளர்களுடையது. இருதலை மணியனைச் சுற்றி எழுந்த பொய்களை உடைக்க அவர்களைவிடத் தகுதியான ஆசிரியர்கள் தென் சென்னையில் இல்லை; பள்ளிகள் அவர்களை அழைக்க வேண்டும்.

நாவலூர் மண்ணில் மிஞ்சியிருப்பது

மண்ணுளிக்குக் காடு தேவையில்லை. நெகிழ்ந்த மண், எலி, பகலில் மறைய ஓர் இடம். இவ்வளவும் இருந்தால் போதும். பக்கிங்ஹாம் கால்வாய்க்குக் கிழக்கே கானத்தூர், முட்டுக்காடு பக்கத்து மணலும் சவுக்குத் தோப்புகளும், மேற்கே தாழம்பூர், சிறுசேரி ஏரிக்கரைகளும் புதர்க்காடும் அதற்கு ஏற்ற நிலங்கள். பழைய மாமல்லபுரம் சாலை விரிவடைந்து ஐ.டி. வளாகங்கள் வந்தபின் அந்த நிலம் மனைகளாகத் துண்டுபட்டது. மனைக்குச் சவுடு மண் கொட்டி, ரோலர் ஓட்டிக் கெட்டித்து, பேவர் பிளாக் பதித்துவிட்டால் அங்கே மண்ணுளி இறங்க வழியில்லை. குப்பையால் எலி மட்டும் பெருகும்.

எலியைக் கொல்ல வைக்கும் மருந்து, அந்த எலியைத் தின்னும் பாம்பையும் கொல்கிறது. தோட்டத்துக் கொடிகளுக்குக் கட்டும் நைலான் வலை தரையோடு தொங்கினால், பருத்த உடல் கொண்ட மண்ணுளி அதில் மாட்டி இறுகிச் சாகிறது. பகல் வெயிலில் சூடேறிய தார் இரவில் இதமாக இருப்பதால் சாலையில் படுத்து, வண்டியில் நசுங்குவதும் வழக்கம். இவை மூன்றையும் ஒரு குடியிருப்பு நலச் சங்கத்தால் பெருஞ்செலவில்லாமல் குறைக்க முடியும்: நஞ்சுக்குப் பதில் எலிப்பொறி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டிய வலை, ஏரிக்கரை ஒட்டிய உட்சாலைகளில் மழைக்கால இரவுகளில் மெதுவான வேகம். சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டடி அகலத்துக்குக் கல் பதிக்காமல் மண்ணாகவே விட்டால், மழைநீரும் இறங்கும்.

வளாகத்துக்குள் மண்ணுளி வந்துவிட்டால் குழந்தைகளையும் நாய்களையும் அப்புறப்படுத்தி, பத்தடி தள்ளி நின்று ஒருவர் கண்காணிக்க, இன்னொருவர் வனத்துறைக்கோ தீயணைப்பு மீட்புப் பணி எண் 101-க்கோ தகவல் தர வேண்டும். எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் கையால் தொடக்கூடாது. படம் எடுத்து இடத்தின் பெயரோடு சமூக ஊடகத்தில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். வாங்க ஆள் தேடுவோர் அதையும் பார்க்கிறார்கள். மீட்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பாம்பை எங்கே விடப்போகிறார் என்பது. தொலைவிலுள்ள காப்புக்காடு வேண்டாம். பிடித்த இடத்துக்கு மிக அருகிலேயே, எலி வளைகள் உள்ள நெகிழ்ந்த மண்ணில், இருட்டிய பிறகு விடுவதே அதற்கு ஏற்றது.